ஒருவருக்கும் கொடுக்காதே என்று சொல்லிக் கொடுத்த பாட்டு

சாப்பிடாத பிள்ளையைப் பெற்றவளிடம் நியாயம், தர்மம், சட்டம் என்று எதைப் பேசியும் பயனில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே சட்டம், தட்டில் இருப்பது உள்ளே போக வேண்டும் என்பதுதான். இதை எனக்குச் சாதகமாகச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால், ஆமாம், எனக்குச் சாதகமாகத்தான் சொல்கிறேன். பதுளையில் ஒரு மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால், பட்டுச் சேலையில், கையில் மைக்கோடு நின்று நான் பட்ட அவமானத்துக்கு இதைவிட நல்ல சாக்கு இதுவரை கிடைக்கவில்லை.

அப்போது என் மகள் அபிக்கு ஒன்றரை வயது. நான் பதுளையில் ஒரு பாடசாலையில் தமிழ் ஆசிரியை. பிறந்தது பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில்; படித்து, வேலை கிடைத்து, கல்யாணம் முடித்து டவுனுக்கு வந்தவள். படித்தவள் என்பதால் பிள்ளை வளர்ப்பதையும் படித்துத்தான் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். எந்த மாதத்தில் எதை, எந்தப் பதத்தில் பிசைந்து ஊட்ட வேண்டும் என்று கிளினிக்கில் ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். அதை வரிக்கு வரி பின்பற்றினேன். அபி மட்டும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. பருப்புச் சோற்றைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமா உருண்டையைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பூனைக்குக் கொடுப்பாள். (பூனை நன்றாக வளர்ந்தது.)

மாதா மாதம் நிறுக்கக் கொண்டுபோகும்போது மிட்வைஃப் மிஸ் எடைக் கார்டில் வைக்கும் புள்ளி, பச்சைப் பகுதியிலிருந்து மஞ்சளை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மிஸ் திட்டவில்லை. "ம்ம்" என்றார். அவ்வளவுதான். அந்த "ம்ம்"மை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, அடுத்த கிளினிக் வரை அதனோடேயே படுத்து எழுந்தேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் பவானி டீச்சர் என்னை நம்பினார்.

பவானி டீச்சர் எங்கள் பாடசாலையின் சங்கீத ஆசிரியை. தபால் கந்தோரில் வேலை பார்த்த தகப்பனோடு சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இத்தனை காலம் எங்கள் நடுவில் இருந்தும் தன் யாழ்ப்பாணப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட எங்களுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குப் பிரசவம் ஆனபோது என் அம்மா மழையில் மாட்டிப் பூனாகலையிலிருந்து வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை ஆஸ்பத்திரி வாசலில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தது பவானி டீச்சர்தான். பதுளை டவுனில் எனக்கு ஒரு தாய்வீடு உண்டென்றால் அது அவருடைய குவார்ட்டர்ஸ்.

ஓய்வு பெறப் போகும் அந்த வருடம் அவர் தன் வெகுநாள் ஆசை ஒன்றை நிறைவேற்றினார். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடிய சிறுவர் பாடல்கள் கொண்ட ஒரு சீடி. அதற்கு ஒரு வெளியீட்டு விழா. விழாவுக்கு முன், பாடல்களில் சொற்பிழை ஏதும் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்வதற்காக, ஸ்டூடியோவில் முதலில் பதிந்த கொப்பியை என் கையில் தந்தார்.

"இது இன்னும் செப்பனிடேல்லைப் பிள்ளை. நடுவில என்ர கதையெல்லாம் கிடக்கும், அதுகளைப் பிறகு வெட்டிப்போடுவினம். எனக்கு வேற அண்டைக்குத் தடிமன், மூக்கெல்லாம் அடைச்சுக் கிடந்தது. நீர் சொல்லை மட்டும் கேளும்."

"சரி டீச்சர்."

"ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதேயும். இந்த ஒரு கொப்பிதான் வெளியில வந்தது. விழாவுக்கு முதல் ஒரு காதும் கேக்கப்படாது. விளங்குதோ?"

"ஐயோ டீச்சர், நான் குடுப்பேனா?"

(கொடுக்கமாட்டேன் என்று அந்த நிமிடம் நான் முழுமனதாக நம்பினேன். நான் சொன்ன பொய்களிலேயே மனச்சாட்சி சுத்தமாகச் சொன்ன பொய் அது.)

அன்று பின்னேரம் கணினியில் அந்தச் சீடியைப் போட்டுவிட்டு, ஒரு கையில் சிவப்புப் பேனை, மறுகையில் அபியின் சோற்றுக் கரண்டி என்று உட்கார்ந்தேன். இரண்டாவது பாட்டு, பதுளைக்கு வரும் ரயிலைப் பற்றியது.

மலைவண்டி வருகுது, மலைவண்டி வருகுது,
குகையே குகையே வாயைத் திற!

இதற்குப் பிறகு நீளமாக ஒரு "ஆ..." வரும். வண்டி மலையைக் குடைந்த குகைக்குள் நுழைகிறதாம். எங்கள் ரயில் பாதையில் குகைக்கா பஞ்சம்? பாட்டிலும் அப்படித்தான், இரண்டு வரிக்கு ஒரு குகை.

"ஆ..." என்று பவானி டீச்சர் பாடினார். அபியும் "ஆ" என்று வாயைத் திறந்தாள். கரண்டி என்னைக் கேட்காமலே உள்ளே போய்விட்டது.

அபி மென்றாள். விழுங்கினாள். அடுத்த குகைக்குக் காத்திருந்தாள். பாட்டின் நடுவில் இசை மட்டும் வரும் ஓர் இடத்தில் டீச்சர் ஒலிப்பதிவு செய்பவரைப் பார்த்து, "தம்பி, அந்த ஃபேனை நிப்பாட்டும், தொண்டை காயுது!" என்று சொல்லிவிட்டு இரண்டு தரம் இருமுவார். வெட்டியெறிய வேண்டிய பகுதி. அந்த இடத்தில் நான் தண்ணீர்க் கோப்பையை நீட்டினேன். அபி அதையும் குடித்தாள். பாட்டு முடிந்தபோது தட்டில் கறிவேப்பிலை மட்டும் கிடந்தது.

நான் போட்ட சத்தத்தில் என் கணவர் முகத்தில் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார்.

"என்னா? யாருக்கு என்னா ஆச்சு?"

"சாப்பிட்டுட்டாங்க!"

"யாரு?"

"உங்க மக! முழுசா!"

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு நம்பிக்கையில்லாமல் பூனையைப் பார்த்தார்.

அடுத்த மாதம் புள்ளி பச்சைக்குத் திரும்பியது. மிட்வைஃப் மிஸ் கண்ணாடியைக் கழற்றி, "என்னா குடுத்தீங்க?" என்று கேட்டார். முருங்கைக்கீரை என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேர் அப்படிச் சொல்லித்தான் நிம்மதியாக வாழ்கிறார்கள். ஆனால் ஒரு மாதமாக "ம்ம்"மோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அன்று தலைகால் புரியவில்லை. "பாட்டுப் போட்டுக் குடுத்தேன் மிஸ். ஒரு ரயில் பாட்டு" என்றேன், வாங்குப் பலகையில் இருந்த அத்தனை தாய்மாருக்கும் கேட்கும்படி.

முதலில் வந்தது பக்கத்து வீட்டுச் சாந்தி. அவளுடைய மகன் ரொட்டியை மட்டும்தான் தொடுவான், அதுவும் ஓரத்தை மட்டும்.

"அக்கா, அந்தப் பாட்ட எனக்கும் ஒரு சீடியில ரைட் பண்ணிக் குடுங்கக்கா."

"அது என்னோடது இல்ல சாந்தி. இன்னும் வெளிய வரல."

"நான் என்னா, கடை போட்டா விக்கப் போறேன்? புள்ள எலும்பும் தோலுமா இருக்கான், பாருங்க."

பார்த்தேன். அந்தப் பிள்ளை அப்படியொன்றும் எலும்பும் தோலுமாக இல்லை. ஆனால் ஒரு தாயின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

நான் கணவரிடம் கேட்டேன். எதையும் அவரிடம் கேட்டுவிட்டு, அவர் சொன்னதைக் கேட்காமல், பிறகு அதே கவலையைத் திரும்பப் படுவது என் வழக்கம்.

"என்னங்க, பாட்ட கொப்பி பண்ணிக் குடுத்தா அது களவா?"

"களவுன்னா எங்கயாவது ஒன்னு குறையணும். சாந்திக்குக் குடுத்தா நம்மகிட்ட குறையுமா?"

"குறையாது."

"டீச்சர்கிட்ட?"

"குறையாதுதான். ஆனா அவங்க சொன்னாங்களே, ஒருத்தருக்கும் குடுக்காதன்னு. அது குறையுமில்ல?"

"அப்ப குடுக்காத."

"புள்ள சாப்பிடாம கெடக்கே, அது பாவமில்லியா?"

"அப்ப குடு."

"சட்டம்னு ஒன்னு இருக்காமே, புலமைச் சொத்துன்னு?"

அவர் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் தீர்ப்பு.

கடைசியில் தீர்ப்பை நானே எழுதினேன். அதைவிடப் புத்திசாலித்தனமான தீர்ப்பை எந்த நீதிமன்றமும் எழுதியிருக்காது என்று அப்போது நினைத்தேன். முழுச் சீடியையும் கொடுத்தால் அது களவு. சில பாட்டுகளை மட்டும் கொடுத்தால்? அது வெறும் மாதிரி. துணிக்கடையில் ஒரு துண்டு வெட்டிக் காட்டுவதில்லையா, அதைப்போல. ஆகவே சாந்திக்கு ரயில் பாட்டோடு முதல் நாலைந்து பாட்டுகளை மட்டும் கொடுத்தேன். கிளினிக்கில் பழக்கமான பரீனா கண்ணில் தண்ணீரோடு வந்து, "மகன் ஒண்ணுமே திங்கிறானில்ல டீச்சர்" என்றபோது, அவளுக்கு ரயில் பாட்டும் நடுவில் உள்ளவையும். பூனாகலையில் என் சித்தப்பா மகள் தெய்வானை புள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. அவளுக்கு ரயில் பாட்டும் கடைசியில் உள்ளவையும். ஒருவரிடமும் முழுச் சீடி இல்லை. ஆகவே நான் யாருக்கும் சீடி கொடுக்கவில்லை. மூவரிடமும், "ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாது" என்று பிள்ளை மேல் சத்தியம் வேறு வாங்கினேன்.

அடுத்த கிளினிக்கில் என் இரு பக்கமும் சாந்தியும் பரீனாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க மகனுக்கு ரயில விட வாத்துப் பாட்டுதான் புடிக்கும்" என்றாள் பரீனா.

"வாத்துப் பாட்டா? அப்படி ஒன்னு இருக்கா?" என்றாள் சாந்தி. இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "என்னாக்கா, எனக்குக் குறைச்சுக் குடுத்திருக்கீங்க? நாங்க என்ன, பக்கத்து வீட்டுல சும்மாவா இருக்கோம்?"

மன்னிப்புக் கேட்டேன். களவு கொடுத்ததற்காக அல்ல, களவைக் குறைத்துக் கொடுத்ததற்காக. என் கண் முன்னாலேயே இருவரும் வாத்துக்குப் பதில் குரங்கு, குரங்குக்குப் பதில் முயல் என்று மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். தெய்வானைக்குக் கொடுத்திருந்த மிச்சத்தையும் கொப்பி பண்ணித் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. (கொடுத்தேன். ஏன் என்று இன்றுவரை என் கணவர் கேட்கிறார். கிளினிக் வாங்கில் இரண்டு தாய்மாருக்கு நடுவில் அவர் உட்கார்ந்து பார்க்கட்டும்.)

அதன் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்தது மட்டும் சொல்கிறேன். விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு, அபியோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வந்தேன். ஆட்டோக்காரர் பாட்டுப் போட்டார். மலைவண்டி வருகுது. மடியில் அபி வாயைத் திறந்தாள். எனக்கு வாய் அடைத்துப்போனது.

"அண்ணே, இந்தப் பாட்டு... எங்க எடுத்தீங்க?"

"நல்லா இருக்குல்ல மிஸ்? மச்சான் ஒருத்தர் ரகசியமா குடுத்தாருங்க. கொஸ்லந்த, பூனாகலைப் பக்கத்துலருந்து வந்திச்சாம். யாருக்கும் குடுக்கக்கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தாரு."

அந்த நேரம் சரியாக ஆட்டோவின் பின்பக்க ஸ்பீக்கரில் தம்பி ஃபேனை நிறுத்தச் சொல்லப்பட்டார். இரண்டு இருமல் வந்தது.

"உங்களுக்கு வேணுமா மிஸ்? போன்ல புளூடூத் இருக்கா?"

நேரே வீட்டுக்குப் போகாமல் டீச்சரின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று. கதவைத் திறந்த டீச்சர், அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்த சீடி உறையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்பக்கத்தில் "நன்றி" என்று போட்டு, முதல் பெயராக என் பெயர்.

"விழாவில அறிமுக உரை நீர்தான் செய்யிறீர். வேற ஆர் எனக்கு இஞ்ச இருக்கினம்?"

நான் அழுதேன். டீச்சர் அது பாசம் என்று நினைத்து, அபிக்கு ஒரு பிஸ்கட்டும் எனக்கு ஒரு தேநீரும் தந்து அனுப்பினார்.

விழா நாள். மண்டபம் நிறைந்திருந்தது. சிறுவர் பாட்டுச் சீடி என்பதால் எல்லோரும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். நான் மேடையிலிருந்து தலைகளைப் பார்க்கப் பார்க்க, அது கிளினிக் நாள் போலவே தெரிந்தது. பூனாகலையிலிருந்து தெய்வானைகூட நாலு பிள்ளைகளையும் அவர்களின் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். ("நீ பேசுறத கேக்க வேணாமா அக்கா?") விளக்கேற்றி, வாழ்த்துப் பாடி, ஆசியுரை முடிந்ததும் பிரதம விருந்தினர் எழுந்தார். பதுளையில் பெயர்போன சட்டத்தரணி. முதற் பிரதியைப் பெற்றுக்கொள்பவரும் அவரே. பேரனை மேடைக்கே கொண்டுவந்து மடியில் வைத்திருந்தார்.

"இன்று ஒரு கலைஞரின் உழைப்பைக் கொப்பியடிப்பது சர்வசாதாரணமாகிவிட்டது," என்று ஆரம்பித்தார். "அனுமதியில்லாமல் ஒரு பாடலைப் பிரதி செய்வது, அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து அடுப்பிலிருக்கும் கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதற்குச் சமம்!"

கைதட்டல். சாந்தியும் பரீனாவும் மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்து என் முறை. எழுதி வைத்திருந்ததை மாற்றியிருக்கலாம். ஆனால் நான் எழுதியதை எழுதியபடியே படிக்கும் வகை. "இதோ, இதுவரை எந்தக் காதும் கேட்டிராத, எந்த மழலை வாயும் பாடியிராத பாடல்கள்!" என்று முழங்கிவிட்டு, ஒலிபெருக்கிக்காரருக்குக் கையைக் காட்டினேன். நான் தெரிவு செய்திருந்த பாட்டு ரயில் பாட்டு இல்லை. கடைசியில் உள்ள நிலாப் பாட்டை மெதுவாகப் போடச் சொல்லி, காலையிலேயே அவரிடம் கெஞ்சி வைத்திருந்தேன். அவர் தலையாட்டினார். தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு எது பிடிக்குமோ, அதைப் போட்டார்.

மலைவண்டி வருகுது, மலைவண்டி வருகுது,
குகையே குகையே வாயைத் திற!

மண்டபத்தில் மடியிலும் தோளிலும் தரையிலும் இருந்த அத்தனை பிள்ளைகளும், முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை, "ஆ" என்று வாயைத் திறந்தார்கள்.

பாடவில்லை. வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள்.

மேடையிலிருந்து அதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பசியோடிருக்கும் பறவைக் கூடுகளை வரிசையாக அடுக்கி வைத்தது போல இருந்தது. கைப்பழக்கத்தில் சாந்தி வடையொன்றைப் பிய்த்து மகன் வாயில் வைத்தாள். சட்டத்தரணியின் மடியிலிருந்த பேரன், தாத்தாவின் மூக்குக்கு நேரே அண்ணாந்து வாயைத் திறந்து வைத்திருந்தான். முன்வரிசையிலிருந்து அவருடைய மருமகள் சின்ன டப்பாவும் கரண்டியுமாக எழுந்து, மேடைப் படியில் ஒரு காலை வைத்த பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து நின்றார்.

நான் மைக்கைப் பிடித்தேன். "பாருங்கள்! எவ்வளவு எளிய பாடல்கள்! கேட்ட மாத்திரத்திலேயே பிள்ளைகள்..."

பாட்டு நடுவுக்கு வந்தது. புதுச் சீடியில் அந்த இடத்தில் அழகான புல்லாங்குழல் சேர்த்திருந்தார்கள். அந்தப் புல்லாங்குழலுக்கு மேலே, பேசத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் சொன்னார்கள்:

"தம்பி, அந்த ஃபேனை நிப்பாட்டும், தொண்டை காயுது!"

பிறகு மண்டபமே இரண்டு தரம் இருமியது.

பதுளைப் பிள்ளைகளும் பூனாகலைப் பிள்ளைகளும் அத்தனை சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ் பேசியதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. என் கணவர் மடியில் அபிதான் எல்லோரையும் விடச் சத்தம். பின்வரிசையிலிருந்து யாரோ, "இருமலையும் கேட்ட மாத்திரத்துலயா மிஸ் புடிச்சிக்கிட்டாங்க?" என்று கேட்க, மண்டபம் சிரித்து உருண்டது.

பவானி டீச்சர் சிரிக்கவில்லை. காதைச் சற்றுச் சாய்த்து, சுருதி விலகிய மாணவியை வகுப்பில் தேடும் அதே முகத்தோடு கேட்டார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அந்த வசனம் இருந்த கொப்பி ஒன்றுதான் வெளியே போயிருந்தது. அது யாரிடம் போனது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆஸ்பத்திரி வாசலில் பிளாஸ்கோடு இருந்த முகம் அது. நான் யார் என்று புதிதாக யோசித்துக்கொண்டிருந்தது.

பிரதி பெற்றுக்கொள்ள ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். ஒருவரும் வரமாட்டார்கள் என்று நான் நடுங்கினேன். மாறாக, அழைக்காதவர்களும் எழுந்து முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். வராவிட்டால் வீட்டில் கொப்பி இருக்கிறது என்று அர்த்தமாகிவிடுமே! அன்று சீடி வாங்காமல் நிம்மதியாகக் கதிரையில் உட்கார்ந்திருந்தவர்கள், உண்மையிலேயே கொப்பி வைத்திராதவர்கள் மட்டும்தான். சட்டத்தரணி போகும்போது என்னிடம் தணிந்த குரலில், "வீட்டுக்குள்ள, சோறு ஊட்டுற தேவைக்குன்னா சட்டத்துல ஒரு விதிவிலக்கு இருக்கணும்... நான் பாத்துச் சொல்றேன்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் டீச்சர் கதவைச் சாத்தினார்.

"எத்தினை பேருக்குக் குடுத்தனீர்?"

"மூணு பேருக்கு டீச்சர். அதுவும் பாதிப் பாதியா..."

"மூண்டு பேரோ? அங்க ஒரு மாகாணமே இருமுது!"

நான் அழுதுகொண்டே கார்டு, மஞ்சள், பச்சை, வாத்து, குரங்கு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். டீச்சர் கடைசிவரை கேட்டார்.

"பிள்ளை சாப்பிடேல்லை எண்டு என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் வந்து பாடியிருப்பன்," என்றார். பிறகு அவர் குரல் உடைந்தது. "அதை விடும். என்ர தடிமன் குரலையோ ஊர் முழுக்கக் குடுத்தனீர்? மூக்கடைச்ச குரலை! இனி ஆர் நம்புவினம், எனக்கு இதைவிட நல்ல குரல் இருக்குதெண்டு?"

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறை வரை அவர் என்னோடு பேசவில்லை. ஆசிரியர் அறையில் தேநீர்ப் பாத்திரத்தை எனக்குப் பக்கமாக நகர்த்துவார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அதுதான் அதிகம் வலித்தது. நான் அபிக்குக்கூட அந்தப் பாட்டைப் போடவில்லை. அபி பட்டினி கிடப்பாளோ என்று பயந்தேன். அவள் மூன்றாம் நாளே பாட்டில்லாமல் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள், யாருக்கும் நன்றி சொல்லாமல்.

போயா அன்று காலையில் டீச்சர் எங்கள் வாசலில் நின்றார். கையில் ஒரு பை நிறையப் புதுச் சீடி.

"வெளிக்கிடும். அந்தப் பழசு எங்கெங்க கிடக்குதோ, எல்லாத்தையும் எடுத்துப்போட்டு இதைக் குடுத்திட்டு வருவம். காசு வேண்டாம். அந்தக் குரல் மட்டும் வெளியில கிடக்கப்படாது."

சாந்தி கொடுத்தாள். பரீனா கொடுத்தாள். (மற்றொரு கொப்பி போனில் இருக்கிறது என்று பின்பக்கமாக வந்து என் காதில் சொன்னாள்.) அங்கிருந்து அபியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பூனாகலை போனோம். அன்று வேலை இல்லாவிட்டாலும், டீச்சர் வருகிறார் என்று போனில் கேட்டதும் தெய்வானை புள்ளைக் காம்பராவைத் திறந்து, பக்கத்து லயத்துப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தாள். சோறும் பருப்பும் தயாராக இருந்தது. புதுச் சீடியைப் போட்டாள். பிள்ளைகள் குகை குகையாக வாயைத் திறந்தார்கள். புல்லாங்குழல் வந்தது. பிள்ளைகள் வழக்கம்போல வசனத்தைச் சொன்னார்கள், இருமினார்கள், பிறகு நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தார்கள். பெட்டியிலிருந்த அம்மா தம்பியைக் கூப்பிடவும் இல்லை, இருமவும் இல்லை. ஒரு சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள். அதைப் பார்த்து அடுத்தவன் அழுதான். கொஞ்ச நேரத்தில் காம்பரா முழுக்க அழுகை.

"இதாங்க டீச்சர் பிரச்சினை," என்றாள் தெய்வானை, பழைய சீடியைப் பின்னால் மறைத்துக்கொண்டு. "புதுசு சோக்காத்தான் இருக்கு. ஆனா இதுல நீங்க இல்லியே."

டீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளைகளுக்கு நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஸ்பீக்கரைப் பார்த்துக் கோபமாக, "தம்பி!" என்றார். அழுகை நின்றது. அன்று சோறு முடியும்வரை பாடினார், இருமினார். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "தடிமன் குரலும் அவ்வளவு மோசமில்லைப் போல கிடக்குது," என்றார், என்னிடமா ஜன்னலிடமா என்று தெரியாதபடி. என் மடியில் தூங்கிய அபியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

இப்போது டீச்சர் ஓய்வுபெற்றுத் தங்கையோடு யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். புதுப்பாட்டு எழுதினால் முதல் கொப்பி எனக்குத்தான் தபாலில் வரும். கூடவே ஒரு துண்டில், "ஒருத்தருக்கும் குடாதேயும்" என்று எழுதி, அதன் கீழே கோடும் போட்டிருப்பார். அந்தக் கோட்டின் அர்த்தம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

என் கணவர் வீட்டார்தான் என்னை விடுவதாக இல்லை. போன வருடம் என் கொழுந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அழைப்பிதழ் எத்தனை அடிப்பது என்று மாமா கணக்குப் போட, என் கணவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"எதுக்குப்பா அவ்வளவு கார்டு? ஒன்னே ஒன்னு அடிப்போம். இவகிட்ட குடுத்து, 'யாருக்கும் காட்டாத'ன்னு சொன்னா போதும்."

வீடே சிரித்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அபி, காரணம் தெரியாமலே, எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தாள். சில நாட்களில் அச்சகத்திலிருந்து மாதிரி அழைப்பிதழ் வந்தது. மணப்பெண் பெயருக்குப் பக்கத்தில் வரைந்திருந்த மயில் அவ்வளவு அழகு. பார்த்தால் தெய்வானை சந்தோஷப்படுவாளே என்று தோன்றியது. அன்று பின்னேரமே பூனாகலை போகிற ஒருவர் கையில் அவளுக்கு ஒன்று கொடுத்தனுப்பினேன்.

அவளுக்கு மட்டும்தான். வேறு ஒருத்தருக்கும் காட்டக்கூடாது என்று சொல்லித்தான்.